கணக்கில் வராத அறை

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஒருமுறை ஒரு துணிக்கடை லிஃப்டுக்கு எண்ணெய் போட்டுவிட்டு வந்தான். அது வழுக்கிக்கொண்டு போன போக்கில், ஐந்தாம் மாடிக்குப் பொத்தானை அழுத்திய அம்மாள் ஒருத்தி ஆறாம் மாடியில் போய் இறங்கினாள். அந்தக் கடைக்கு மொத்தமே ஐந்து மாடி. இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். ஊரையே ஏற்றி இறக்கிய அந்த ஆள் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டிடத்தின் நாலாவது மாடியில் என்று சொன்னால் வெளியாட்கள் நம்ப மாட்டார்கள். இரண்டில் ஒன்றுதான் நான் கட்டிவிட்டது.

அவன் இடுப்பை முறித்துக்கொண்டதும் லிஃப்டில் அல்ல, குளியலறையில். சோப்பு காலை வாரிவிட்டது. இடுப்பு ஒருவழியாகக் கூடி வந்த நேரத்தில், இனி தன் முறை என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ, இதயம் தகராறு பண்ண ஆரம்பித்தது. கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில் என்று அவனுடைய உலகத்தில் இரண்டே ஊர்கள் மிஞ்சின. நாற்காலியில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியே எதிர்க் கட்டிடத்துத் தண்ணீர்த் தொட்டி தெரியும். கறுப்புத் தொட்டி. மழை பெய்தால் கறுப்பு, வெயிலடித்தாலும் கறுப்பு. தெருவைப் பார்க்க வேண்டுமானால் எழுந்து நின்று எட்டிப் பார்க்க வேண்டும். அது முடியாது.

கீழே பந்து விளையாடும் பையன்கள் நல்ல பிள்ளைகள். நாற்காலியோடு தூக்கி இறக்குகிறோம், பொழுது சாய்ந்ததும் தூக்கி ஏற்றிவிடுகிறோம் என்று மாடியேறி வந்து கேட்டார்கள். தம்பி கும்பிடு போட்டு அனுப்பிவிட்டான்.

"இறங்கினா ஒரேயடியா இறங்கறேன். சரக்கு மாதிரி என்னை ஏத்தி இறக்க வேண்டாம்" என்றான்.

ஒரேயடியாக இறங்குவது என்றால் என்ன அர்த்தம் என்று அவன் மனைவிக்கு உடனே புரிந்தது. அவளுக்கு அந்த அர்த்தம் பிடிக்கவில்லை. அதற்கு வேறு அர்த்தம் தேடிக் கண்டுபிடித்தாள். தரையோடு தரையாக இருக்கும் ஒரு வீட்டை வாங்கிவிடுவது. அதற்குப் பிறகு ஏறவே வேண்டாமே.

அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்க்கிறாள். ஒரு நாளைக்கு ஆயிரம் படுக்கை விரிப்பு அவள் கண்ணைத் தாண்டிப் போகும். ஒரு விரிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதில் படுத்திருந்தவர் பிழைத்தாரா இல்லையா என்று சொல்வாள். அழுக்கில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. புதுப் பெயின்டில் ஏமாற்றலாம் என்பது பிற்பாடு தெரிந்தது.

பிள்ளை குட்டி கிடையாது. நான் ஹால் சோபாவில் குடியிருக்கிறேன். வீட்டுக்காரி போன பிறகு எனக்குப் போக்கிடம் அதுதான். சம்பாதிப்பவள் அவள் ஒருத்தி. ஆகவே பாங்க் கடனும் அவள் பேரில்தான்.

தரகருக்குச் சாவி என்று பேர் வைத்தோம். விரலில் சாவிக்கொத்தைச் சுழற்றாமல் அவருக்குப் பேச வராது. அவரோடு நானும் தம்பி மனைவியும் ஏறி இறங்காத வீடில்லை. ஏறி இறங்கியதுதான் தொல்லை. எல்லா வீட்டுக்கும் படி. வாசலில் மூன்று படி, உள்ளே இரண்டு படி, கழிவறைக்கு ஒரு படி. ஒரு வீட்டில் அலமாரிக்குக்கூடப் படி இருந்தது. சாவி சலித்துப்போய், "பேசாம ஒரு படகு பாத்துரலாமாம்மா, அதுக்குப் படி கிடையாது" என்றார். தம்பி மனைவி முறைத்த முறைப்பில் சாவிக்கொத்து நின்றுவிட்டது.

கடைசியில் அந்த வீடு வந்தது. ஒரு சரிவான தெருவின் கோடியில் பழைய வீடு. முன்வாசலுக்கு ஐந்து உயரமான படி. ஆனால் வலதுபுறம் ஒட்டினாற்போல் ஒரு தனி அறை, தெருவோடு ஒரே மட்டத்தில். அகலமான கதவு, சுத்தமான குளியலறை, தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். வெள்ளை வெளேரென்று பெயின்ட். தம்பி மனைவி உள்ளே போனவள் வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலியின் உயரத்துக்குக் கண்ணை வைத்துப் பார்க்கிறாள் என்பது எனக்குச் சற்றுப் பொறுத்துத்தான் விளங்கியது.

"கட்டில் இங்க. நாற்காலி அங்க. போறவர்றவங்க மூஞ்சி தெரியுது மாமா" என்றாள்.

அறையைப் படம் பிடித்துக்கொண்டு போய்த் தம்பியிடம் காட்டினாள். அவன் போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"ஜன்னல் எந்தப் பக்கம்?"

"தெருப் பக்கம்."

"தண்ணித் தொட்டி ஏதும் இல்லையே?"

"எதிர்ல ஒரு தையல்கடை. வாசல்ல ஒரு நாய். அவ்வளவுதான்."

"நாய் என்ன நிறம்?"

அன்றைக்கு அவன் தட்டில் எதுவும் மீதம் வைக்கவில்லை.

முன்பணம் கொடுத்தாயிற்று. வீட்டைப் பரிசோதித்து, பிடிக்கவில்லை என்றால் இரண்டு வாரத்துக்குள் விலகிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். முதலில் பாங்க், வீட்டுக்கு விலை மதிக்கும் தன் வேல்யூவரை அனுப்பியது. ஒல்லியான இளைஞர். கையில், சுவரில் சிவப்புப் புள்ளி அடித்துத் தூரம் சொல்லும் ஒரு கருவி. நுழைந்தார், புள்ளி அடித்தார், முகப்பைப் படம் எடுத்தார், பின்பக்கம் ஒரு படம், தெருவை ஒரு படம். குழாயைத் திறக்கவில்லை, விளக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. அவர் போன வேகத்துக்கு அவருடைய நிழலால் ஈடுகொடுக்க முடியவில்லை. அவர் வண்டியேறிப் போன பிறகு நிழல் தனியாக நடந்து கேட்டைத் தாண்டியதை என் கண்ணால் பார்த்தேன்.

அவர் போவதற்கு முன் தம்பி மனைவி மறித்துக்கொண்டாள்.

"இந்த ரூமை அளக்கவே இல்லையே தம்பி?"

"அது கணக்குல வராதும்மா."

"ஏன்?"

"பிளான்ல இருக்கறதத்தான் நான் எடுத்துக்க முடியும். சுத்துவட்டாரத்துல இதே மாதிரி வீடு மூணு வித்திருக்கு. அதுங்களோட வச்சுப் பாத்து மதிப்புப் போடுவேன். இந்த ரூம் இல்லாமலே அவங்க கேக்கற விலைக்கு வந்துரும். கவலப்படாதீங்க."

அவர் சொன்னபடியே வந்தது. கேட்ட விலையும் பாங்க் போட்ட மதிப்பும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தின. தம்பி மனைவி ஓடியேறி வந்தாள். நாலு மாடியையும் ஓடியேறியதால் முதலில் மூச்சுத்தான் வந்தது, செய்தி பின்னால் வந்தது.

"ரூம் இல்லாமலே விலை சரியாப் போச்சுங்க! அப்போ அந்த ரூம் நமக்கு இனாம்!"

எங்கள் குடும்பத்துக்கு எதுவும் இனாமாக வந்து பழக்கமில்லை. அதனால் நானும் சந்தோஷப்பட்டேன். தம்பி மட்டும் தாடையைச் சொறிந்தான்.

"பாங்க் ஆளு கயித்தப் பாத்தாரா?"

"வீட்டுல ஏதுங்க கயிறு?"

"ஏதோ ஒண்ணு அதைத் தாங்கிப் பிடிச்சிருக்கும்ல. அதைப் பாத்தாரா?"

"பாங்க் பணம் போடற இடத்தப் பாக்காமயா போடும்? நம்மளவிட அவங்களுக்கு அக்கறை அதிகம்."

"அவங்க அக்கறை பணத்து மேல. நாளைக்கு நம்மால கட்ட முடியலன்னா வித்து எடுத்துக்கலாமான்னு பாத்துட்டுப் போயிருக்காங்க. அதுக்கு வேற கண்ணு. வீட்டப் பாக்கறதுக்குன்னு தனியா ஆளு இருக்காங்க. கூப்பிடு."

"நல்லது நடக்கும்போதே நொட்டை சொல்லணும் உங்களுக்கு."

"கயித்தப் பாக்காம எந்தப் பெட்டியிலயும் நான் ஏறினதில்லடி."

அவள் முணுமுணுத்துக்கொண்டே வீடு பரிசோதிப்பவர் ஒருவரைப் பிடித்தாள். அவளுக்கு அன்று வேலை நாள். என்னைப் போகச் சொன்னாள். "பாத்துட்டு வந்து உள்ளத சொல்லணும் மாமா. உங்க சரக்கையெல்லாம் சேக்கக் கூடாது" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

வந்தது ஒரு கட்டை குட்டையான அம்மாள். முழங்காலில் பட்டை, தலையில் விளக்கு, தோளில் தன்னைவிட உயரமான ஏணி. பேச்சுக்குப் பஞ்சம். நான் மனதுக்குள் ஏணியம்மா என்று பேர் வைத்துக்கொண்டேன். சாவி நகைச்சுவையாக இரண்டு வார்த்தை பேசிப் பார்த்தார். அந்த அம்மாள் கூரை மேல் ஏறிவிட்டார்.

வேல்யூவர் செய்யாததையெல்லாம் இவர் செய்தார். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு எதில் தண்ணீர் இளைக்கிறது என்று பார்த்தார். ஒவ்வொரு மின்சாரத் துளையிலும் ஏதோ ஒன்றைச் செருகினார். மின்பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தார். ஜன்னல்களைத் திறந்து மூடினார். பின்பு தரையில் ஒரு பலகையைத் தூக்கி, வீட்டுக்கு அடியிலே புகுந்து தவழ்ந்து காணாமல் போனார். வெகுநேரம் ஆளைக் காணவில்லை. அடுத்த தெருவில் கிளம்பியிருப்பார் என்று நான் சாவியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, சமையலறைக்கு அடியிலிருந்து மூன்று தட்டு கேட்டது. பிறகு தலையெல்லாம் சிலந்திக்கூடாக வெளியே வந்தார்.

"ரெண்டு ஓடு மாத்தணும். சமையலறைக் குழாய் கசியுது. மத்தபடி இந்த வயசுக்கு நல்ல உடம்பு" என்றார்.

"என் வயசு இதைவிடக் கூட. வந்ததுதான் வந்தீங்க, என்னையும் ஒரு தட்டுத் தட்டிப் பாத்துச் சொல்லிடுங்களேன்."

"உங்க பிளம்பிங் எனக்குப் பழக்கமில்லைங்க ஐயா."

முகத்தில் ஒரு கோடும் அசையாமல் சொன்னார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு நடந்தது ஒன்றும் பிடிக்கவில்லை.

அந்த வெள்ளை அறைக்குள் நுழைந்ததும் அவர் நடை மெதுவானது. மூக்கை உறிஞ்சினார். பெயின்ட் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது. ஈரத்துணியை மறந்து மூட்டையில் கட்டி வைத்தால் வருமே, அது. பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். கண்ணாடிக் குழலுக்குள்ளிருந்த குமிழி நடுவில் நிற்கப் பிரியப்படவில்லை. நேரே வீட்டுப் பக்கமாக ஓடி ஒட்டிக்கொண்டது. வீட்டுச் சுவரும் அறையும் சேரும் மூலையை மறைத்து ஓர் உயரமான அலமாரி நின்றது.

"அத நகத்தலாங்களா?" என்றேன்.

"வீட்டுக்காரர் சாமான் பெரியவரே, தொடக்கூடாது" என்றார் சாவி. சாவிக்கொத்து கொஞ்சம் வேகமாகச் சுழன்றது.

ஏணியம்மா வாதாடவில்லை. "நீங்க இங்கயே நில்லுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வெளிப்புறத்தில் அதே மூலையில் ஒரு மரப்பட்டையை நெடுக அறைந்து வெள்ளையடித்திருந்தார்கள். அதன் மேல்முனையில் ஏணியைச் சாத்தி ஏறி, பட்டை மூடாத இடுக்கில் டார்ச்சை வைத்தார் போலிருக்கிறது. உள்ளே நின்ற என் கண்ணெதிரில், அலமாரிக்குப் பின்னால், சுவருக்குள்ளிருந்து வெளிச்சம் வந்தது.

நான் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். சுவருக்குள்ளிருந்து வெளிச்சம் வந்ததாக மட்டும் இதுவரை சொன்னதில்லை. அலமாரிக்குப் பக்கவாட்டில் கையை நுழைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் தாராளமாக உள்ளே போயிற்று. குனிந்து கீழே பார்த்தேன். அங்கே சுண்டுவிரல்தான் போயிற்று. இடுக்கில் விரலுக்குப் பொடிப்பொடியாக ஏதோ வந்தது. பட்டி. ஒன்றன்மேல் ஒன்றாகப் பல நிறத்தில் பட்டி. மழைக்கு மழை பூசி அடைத்திருக்கிறார்கள். அடைக்க அடைக்க அது பிரிந்திருக்கிறது.

வெளியே போனேன். ஏணியம்மா அறையின் கீழ்க்கோடியில் முழங்காலிட்டு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அஸ்திவாரம் இல்லைங்க ஐயா. கொட்டின மண்ணு மேல நிக்குது. இந்தச் சரிவுல மண்ணு கீழ போகப் போக இதுவும் போகுது. வீட்டோட சேந்த ரூம் இல்ல இது. பக்கத்துல நிக்குது, அவ்வளவுதான்."

"பாங்க் ஆளு பாத்துட்டு சரின்னாரே."

"அவர் தப்பா எதுவும் சொல்லல. அவருக்கு வேலை விலை. எனக்கு வேலை வீடு. இந்த ரூமை அவர் எண்ணவே இல்ல. எண்ணாத ரூம் விழுந்தா அவர் போட்ட மதிப்புல ஒரு காசும் குறையாது."

"இடிச்சுட்டு ஒழுங்காக் கட்டிக்கிட்டா?"

அவர் புல்லுக்குள் கையை நீட்டிக் காட்டினார். ஓர் இரும்பு மூடி பாதி புதைந்து தெரிந்தது. "அடியில நகராட்சிக் குழாய் போகுது. மேல கட்ட அனுமதி தரமாட்டாங்க. அதனாலதான் இது பிளான்லயே இல்ல."

"முன்வாசல் படிக்கு ஒரு சரிவுப்பாதை?"

அவர் போய் அளந்து பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த உயரத்துக்குச் சாய்வாகப் பாதை போட்டால் அது தெருவைத் தாண்டி எதிர்த் தையல்கடைக்குள் போய் முடியும். தினமும் ஒரு சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டுத்தான் என் தம்பி வீட்டுக்குள் வர முடியும்.

"வாங்கலாமா வேண்டாமாம்மா? ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"அது நான் சொல்றதில்லைங்க. இருக்கறத இருக்கற மாதிரி எழுதித் தருவேன். வாங்கறதும் விடறதும் உங்க பாடு." முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பிறகு கேட்டார்: "இந்த ரூம் யாருக்கு?"

"என் தம்பிக்கு. நடக்க முடியாது."

"அவசரம்னா சட்டுனு எழுந்து வெளிய வர முடியாதவரா?"

"சட்டுனும் வர முடியாது, மெதுவாவும் வர முடியாது."

அவர் தலைவிளக்கை அணைத்தார். ஏணியைத் தூக்கிக்கொண்டு போகும்போது எதிர்க்கடை நாயை மட்டும் ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நாய் பழுப்பு நிறம்.

நாலு மாடி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஒத்திகை பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் கட்டுக்கதை மாதிரியே இருந்தது. தம்பி மனைவி வேலையிலிருந்து வந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மாமா, என்ன சொன்னாங்க?"

"அந்த ரூம் வீட்ட விட்டுக் கிளம்பிடுச்சும்மா."

அவள் சிரித்துவிட்டாள். "எங்க போகுதாம்?"

"கீழ. சரிவுல. சுவருக்குள்ளேருந்து வெளிச்சம் வருது. நெசமாத்தான் சொல்றேன்."

"போன வாரம் வேல்யூவரோட நிழல் தனியாப் போச்சு. அதையும் நெசம்னுதான் சொன்னீங்க. இந்த வாரம் ரூமா? அடுத்த வாரம் தையல்கடை மிஷினோட பறந்து போயிருமா? சும்மா அளக்காதீங்க மாமா, எனக்கு இன்னிக்குக் கை கால் விட்டுப்போயிருக்கு."

தம்பி சிரிக்கவில்லை. "அண்ணே, விரல விட்டுப் பாத்தியா?"

"மேல கட்டைவிரல் போச்சு. கீழ சுண்டுவிரல்."

அவன் கொஞ்ச நேரம் தன் இரண்டு விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தான். "சாஞ்சுக்கிட்டே போகுது" என்றான். பிறகு அவளிடம், "அண்ணன் இட்டுக்கட்டினா ஒரு கை போச்சும்பான், ஆளே உள்ள போனான்பான். கட்டைவிரல், சுண்டுவிரல்னு பிரிச்சுச் சொல்லமாட்டான். இது நெசம்" என்றான்.

அவள் அப்போதும் நம்பவில்லை. மறுநாள் ஏணியம்மாவின் அறிக்கை போனுக்கு வந்தது. அவள் நின்றபடியே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஓடு, குழாய், மின்பெட்டி. பிறகு விரல் நின்றுவிட்டது. அலமாரிக்குப் பின்னால் அந்த வெளிச்சம், படத்தில் நேரில் பார்த்ததைவிடப் பளிச்சென்று இருந்தது. அவள் அதைப் பெரிதாக்கினாள். விரிப்பில் கறையைப் பார்க்கிற பார்வை.

"பட்டி வச்சு அடைச்சுக்கலாம்" என்றாள். அது எப்படி ஒலித்தது என்று அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். மறுபடியும் சொல்லவில்லை.

சாவியைக் கூப்பிட்டாள். விலையில் கொஞ்சம் குறைத்துப் பேசுகிறேன், பழைய வீடென்றால் இதெல்லாம் சகஜம், பாங்கே மதிப்புப் போட்ட வீடு என்று அவர் ஒரே மூச்சில் சொன்னார். அவள் முகத்தில் திரும்பக் கொஞ்சம் ரத்தம் ஊறியது. அப்போதுதான் தம்பி போனைத் தன்னிடம் தரச் சொன்னான். ஏணியம்மாவுக்குப் போட்டு, எங்களுக்கும் கேட்கிறமாதிரி வைத்தான்.

"மேடம், அந்த ரூம்ல இருக்கப்போறது நான்தான். அது எத்தன நாள் நிக்கும்?"

"அத யாரும் சொல்ல முடியாதுங்க."

"உத்தேசமா."

போனில் கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம். எங்கேயோ யாருடைய கூரை மேலோ நின்றுகொண்டிருந்தார். "ரெண்டு மழைக்காலம் தாங்கலாம். பெரிய மழையா வந்தா முதல்லயே போகலாம். நான் ஜோசியம் எழுதறதில்லைங்க."

"சரிங்க மேடம். ரொம்ப நன்றி."

போனை மடியில் வைத்தான். ஏதோ நல்ல செய்தி வந்ததுபோல அவன் முகம் தெளிந்திருந்தது.

"ரெண்டு மழை எனக்குத் தாராளம். வாங்கிடுவோம்" என்றான்.

இந்த இடத்தில் எங்கள் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டிக்காரர். தம்பியின் இதயம் எத்தனை நாளைக்கு ஓடும் என்பதைத் தம்பியிடம் தனியாகச் சொல்லி, அண்ணனும் மனைவியும் தாங்கமாட்டார்கள், சொல்லாதே என்றிருந்தார். என்னிடம் தனியாகச் சொல்லி, அவர்கள் இருவரிடமும் சொல்லாதீர்கள் என்றிருந்தார். அவளிடமும் அப்படியே. நாங்கள் மூவரும் ஒரே ரகசியத்தை ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அது இப்போது நடு ஹாலில் வந்து விழுந்தது.

தம்பி மனைவி கையில் ஒரு விரிப்பு. பாதி மடித்திருந்தாள்.

"உங்களுக்குத் தாராளம்" என்றாள்.

"ஆமா. தெருவோட கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன். அப்புறம் அது எப்படிப் போனா என்ன? உள்ளே ரெண்டு ரூம் கெட்டியா இருக்குன்னு அந்தம்மாவே எழுதியிருக்காங்க. உனக்கு அது போதும்."

"எனக்குன்னு நீங்களே ரூம் ஒதுக்கிட்டீங்களா?"

"கோவப்படாத."

"கோவம் இல்ல. கேக்கறேன். இந்த ரெண்டு மழையும் நான் எங்க படுப்பேன்? உள்ள ரூம்லயா?"

அவன் மடியிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தான்.

"ராத்திரி உங்களுக்கு மூச்சு இழுத்தா தலையத் தூக்கி வைக்கறது யாரு? நான் உங்க பக்கத்துலதான் கெடப்பேன். மழை பெஞ்சா நீங்க தூங்குவீங்க, மாத்திரை போட்டிருக்கும். நான் சுவரப் பாத்துக்கிட்டு முழிச்சிருப்பேன். சுவரு அசைஞ்சா உங்கள இழுத்துக்கிட்டு ஓட எனக்குத் தெம்பு இல்ல. விட்டுட்டு ஓடுவேன்னு நெனைக்கறீங்களா?" குரலை உயர்த்தவே இல்லை. ஆஸ்பத்திரியில் கணக்கு ஒப்பிக்கிற குரல். "அந்தப் பெட்டியில ஏறப்போறது ஒரு ஆள் இல்லங்க. ரெண்டு ஆள்."

நான் எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். வாழ்நாளில் முதல்முறையாக ஒன்றும் வரவில்லை.

"சரி, அது விழாமலே நின்னுச்சுன்னு வைங்க" என்றாள். "அது இன்னும் மோசம். நீங்க போனப்புறமும் அது அங்கயே நிக்கும். நான் தெனம் வேலைக்குப் போறப்போ அந்த ஜன்னலத் தாண்டிப் போகணும்."

தம்பி மடியிலிருந்த போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சாவியின் எண்ணை அவனே அழுத்தினான்.

"சார், அந்த வீடு வேண்டாம்."

அந்தப் பக்கம் சாவி படபடவென்று பொரிந்தார். விரிசல் இல்லாத வீடு எங்கே இருக்கிறது, பாங்கே ஒத்துக்கொண்டதே, இந்த விலைக்கு இனி எங்கே போவீர்கள்? தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"பாங்குக்குச் சரிதான் சார், நான் இல்லேங்கல. ஆள் ஏறக் கூடாது. அவ்வளவுதான்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

தம்பி மனைவி விரிப்பின் மறுமுனையை நீட்டினாள். அவன் உட்கார்ந்தபடியே இரண்டு மூலையையும் பிடித்துக்கொண்டான். அவள் நடந்து வந்து தன் மூலைகளை அவன் மூலைகளோடு சேர்த்தாள். திரும்பப் போனாள், திரும்ப வந்தாள். மடித்து முடிந்ததும் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் எதுவும் இல்லாத தொட்டியில் தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

"அண்ணே, கட்டிலுக்கு அடியில ஒரு பை இருக்கு. எடு" என்றான் தம்பி.

குனிந்து இழுத்தேன். அவனுடைய பழைய வேலைப் பை. ஸ்பேனர் இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். நாலு சட்டை, சீராக மடித்து. வீட்டில் போடுவதல்ல, வெளியே போகும்போது போடுகிற முழுக்கைச் சட்டைகள். ஒரு சீப்பு. முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி. அடியில் செய்தித்தாளில் சுற்றி ஒரு ஜோடி ஷூ. நாங்கள் இருவரும் வெளியே போயிருந்த ஏதோ ஒரு பகலில் கட்டிலில் உட்கார்ந்தபடியே அவன் அதற்குப் பாலிஷ் போட்டிருக்கிறான். என் முகம் தெரிகிற அளவுக்கு.

"எப்படா கட்டி வச்ச?"

"அந்தப் படம் பாத்த அன்னிக்கு."

சட்டைகளை அலமாரியில் அடுக்கினேன். சீப்பையும் கண்ணாடியையும் ஜன்னல் விளிம்பில் வைத்தேன். ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"இத எங்கடா வைக்கறது?"

அவன் ஜன்னல் வழியே அந்தக் கறுப்புத் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எங்கயாவது வை. வாசல்கிட்ட மட்டும் வேண்டாம்."